மைத்ரி பார்க்குக்கு ஒரு டிக்கெட்

மூன்றாம் ஆண்டு கிளினிக் தேர்வில் நான் தோற்றதற்குக் காரணம், நான் அதிகம் பேசியதுதான்.

பேச்சு தாமதமாகிவிட்ட நான்கு வயதுக் குழந்தை ஒன்றை என் முன்னால் உட்காரவைத்து, அதைப் பேசத் தூண்டச் சொல்லியிருந்தார்கள். முக்கால் மணி நேரம். நான் பொம்மைக் காரை உருட்டினேன், பந்தைக் காட்டினேன், பாடினேன், கை தட்டினேன். குழந்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவழிக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எங்கள் மேற்பார்வையாளர் ஒரு தாளில் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். நான் சொன்ன வாக்கியங்கள் இருநூற்றுப் பதினொன்று. குழந்தை பதில் சொல்வதற்காக நான் விட்ட இடைவெளி, ஒன்றுகூட இல்லை.

"கேள்வியும் நீயே கேக்கற, பதிலும் நீயே சொல்லிடற. அப்புறம் அந்தக் குழந்தை எதுக்கு வந்தது?" என்றார்.

மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம் அவருடையது. ஒவ்வொரு வாக்கியத்தையும் இஸ்திரி போட்டு மடித்து வைத்ததுபோல் பேசுவார். என் தமிழ் அப்படியல்ல. எங்கள் வீடு தாராவியில். கீழே வாப்பாவின் தோல்பை பட்டறை, மேலே நாங்கள். எட்டுத் தையல் மெஷின்கள் ஒன்றாக ஓடும் இடத்தில் ஒரு சொல் மேலே போய்ச் சேரவேண்டுமென்றால் கத்தித்தான் ஆகவேண்டும். மூச்சு வாங்க நிறுத்தினால் அந்த இடைவெளியில் தங்கை புகுந்துவிடுவாள், அவள் நிறுத்தினால் உம்மா. அப்படி வளர்ந்தவளிடம் போய், பேசாமல் இரு என்றால்?

இந்தப் படிப்புக்கு நான் ஆசைப்பட்டும் வரவில்லை. எனக்கு வேண்டியிருந்தது பிசியோதெரபி. இடம் கிடைக்கவில்லை. செம்பூரைத் தாண்டி ஒரு மேட்டின்மேல் இருந்த கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பத்தில் அதற்கு அடுத்த கட்டத்தில் 'செவித்திறன், பேச்சு, மொழிக் குறைபாடுகள்' என்று இருந்தது. டிக் செய்தேன். வாப்பா அன்று சிரித்த சிரிப்பு கீழே மெஷின்வரை கேட்டது.

"ஏ புள்ள, பேசச் சொல்லிக் குடுக்கதுக்கு ஒரு காலேஜா? நம்ம வீட்டுல யாருக்குச் சொல்லிக்குடுத்துப் பேச்சு வந்துச்சி? வாய மூடச் சொல்லிக்குடுக்க காலேஜ் இருந்தா சொல்லு, உங்கும்மாவச் சேத்துருதேன்."

நேர்முகத்தில் வெள்ளை அங்கி அணிந்த ஃபாதர் ஒருவர், என் தலைத்துணியைப் பார்த்துவிட்டு, காலையில் பத்து நிமிடம் சேப்பலில் உட்கார வேண்டியிருக்கும், சங்கடமா என்று இந்தியில் கேட்டார். உட்காருவதில் என்ன சங்கடம் என்றேன். சேர்ந்த முதல் மாதமே, நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, பின்புறமுள்ள பழைய பத்திரிகை அறையின் சாவியைக் கையில் கொடுத்தார். உள்ளே ஒரு மூலை பெருக்கப்பட்டு, புதுப்பாய் ஒன்று விரித்திருந்தது. "உன் தொழுகைக்கு. ஜன்னலை மட்டும் சாத்திவிட்டுப் போ, புறா வருகிறது," என்றார். அந்த இடத்தில் தோற்றுவிட்டு வெளியேறக் கூடாது என்று நான் நினைத்ததற்கு அந்தப் பாயும் ஒரு காரணம்.

தோற்றவர்களுக்கு ஒரு வழி இருந்தது. ஒரே நோயாளியோடு மூன்று மாதம் வேலை செய்ய வேண்டும். முடிவில் வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் அதே நோயாளியை உட்காரவைத்துக் காட்ட வேண்டும். தமிழ் பேசத் தெரியும் என்பதால் எனக்கு ஒரு தமிழரின் கோப்பு வந்தது.

வயது ஐம்பத்தெட்டு. மூளையின் இடது பக்கத்தில் ரத்தக்குழாய் அடைப்பு ஏற்பட்டுப் பத்து மாதம். வலது கையும் காலும் பலவீனம். மற்றவர்கள் பேசுவது நன்றாகப் புரிகிறது. பேச்சு: ஒரே ஒரு சொல். தொழில்: அரசுப்பணி, ஓய்வு. எனக்கு முன்னால் இரண்டு மாணவர்கள் அவரை இந்தியில் சோதித்துப் பார்த்து, முன்னேற்றமில்லை என்று எழுதியிருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் மேற்பார்வையாளரின் கையெழுத்தில், 'படப்பலகைக்கு மாற்றலாம்' என்று ஒரு வரி. தண்ணீர், சோறு, கழிப்பறை என்று படம் போட்ட பலகையைக் கையில் கொடுத்து, வேண்டியதைத் தொட்டுக் காட்டச் சொல்வது. பேச்சைக் கைவிடுவதற்கு முந்தைய படி.

அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, வலதுகாலை வட்டமாக வீசிப் போட்டு நடந்துவந்தார். வெள்ளைச் சட்டை, மேல்பொத்தான்வரை போட்டிருந்தார். முகம் நன்றாக மழிக்கப்பட்டிருந்தது. கிளினிக்கில் ஆண்களை 'சார்' என்று அழைக்க வேண்டும் என்பது விதி. எனக்கு வாயில் வந்தது வேறு.

"வாங்க அண்ணாச்சி. இப்பிடி உக்காருங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். மனைவியின் முகம் மலர்ந்துவிட்டது. "எம்மா, நீ நம்ம ஊர்ப்பக்கமா? திருநவேலியா?"

"வாப்பாவுக்கு மேலப்பாளையம்க்கா. நான் பெறந்தது தாராவி."

"பாத்தீகளா, நம்ம புள்ளைதான்," என்று கணவரிடம் சொன்னார்.

"அதான்," என்றார் அவர்.

அதுதான் அந்த ஒரே சொல். சாவியின் படத்தைக் காட்டினால் "அதான்". வாழைப்பழத்துக்கும் "அதான்". அவர் பெயரைக் கேட்டால், கண் கலங்க, "அதான்... அதான்..." நான் அந்த அட்டைகளில் தமிழில் பெயர் எழுதியிருந்தேன். எனக்கு அப்போது தமிழ் எழுத்து அரைகுறை, பள்ளியில் படித்தது இந்தியும் ஆங்கிலமும்தான். 'சாவி'க்கு நெடில் போட்டு 'சாவீ' என்று எழுதியிருந்தேன். அவர் இடக்கை விரலால் அந்தச் சுழியைத் தொட்டு, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். தப்பு. எழுத்துப் பிழையைப் பிடிக்கத் தெரிந்த ஒருவருக்குள் மொழி செத்துப்போயிருக்க முடியாது என்று அன்று எனக்குத் தோன்றியது. ஆனால் மூன்று வாரம் என்ன செய்தும் அதை வெளியே கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. பேசாமல் காத்திருக்கப் பழகினேன். மனதுக்குள் ஒன்று முதல் பத்துவரை எண்ணினேன். காத்திருந்ததற்கும் "அதான்" மட்டுமே கிடைத்தது.

நான்காவது வாரம் ஒருநாள் எனக்குக் கடைசி வகுப்பு இல்லை. அவர்கள் ஏறிய அதே பேருந்தில் நானும் ஏறினேன். மூவருக்கும் போக வேண்டிய இடம் தாராவி. முன்னால் அவர்கள் இருவரும், பின் இருக்கையில் நான். மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல்களை எல்லாம் இறக்கிவிட்டார்கள், வெளியே எதுவும் தெரியவில்லை. டயமண்ட் கார்டனுக்குப் பிறகு வண்டி பிரேக் போட்டுத் திரும்பும்போது, முன்னாலிருந்து மெல்லிய ஒரு குரல் கேட்டது.

"செம்பூர் நாக்கா."

யாரோ பயணி என்று நினைத்தேன். வண்டி நகர்ந்தது. அடுத்த நிறுத்தம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி.

"குர்லா சிக்னல்... சுன்னாபட்டி..."

அவருடைய தோள் அசைந்தது. அவர்தான். குழறல் இல்லை, திணறல் இல்லை. தேய்ந்த, சலிப்பான, வேலைநேரத்துக் குரல். மனைவி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவர் தொடையில் கிள்ளினார். "சும்மா வாங்க. ஆளுக பாக்காக."

நான் இருக்கையிலிருந்து எழுந்தே விட்டேன். "அக்கா! அண்ணாச்சி என்ன சொன்னாக இப்ப?"

மனைவி ஏதோ குற்றத்தில் பிடிபட்டதுபோல் பார்த்தார். "இது எப்பவும் உள்ளதும்மா. பஸ்ஸுல ஏறுனா ஸ்டாப்பு பேரா சொல்லிக்கிட்டே வருவாக. ஒரு நா ரெண்டு பயலுக பைத்தியம்னு சிரிச்சுப்புட்டானுக. அதுலருந்து நான்தான் வாய மூடச் சொல்லுதேன்."

"ஏன் ஸ்டாப்பு பேரு?"

"இருவத்தேழு வருசம் கண்டக்டருல்லா! இதே ரூட்டு. தாராவி–டிராம்பே."

கோப்பில் 'அரசுப்பணி' என்று ஒரே சொல்லில் எழுதி முடித்திருந்தார்கள். யாரும் என்ன பணி என்று கேட்கவில்லை. நானும்தான்.

மறுநாள் காலை சேப்பல் முடிந்ததும் மேற்பார்வையாளரைப் பிடித்தேன். அவர் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதுல குதிக்கறதுக்கு ஒண்ணும் இல்லை. ஒண்ணு ரெண்டு மூணு சொல்றது, கிழமை சொல்றது, ஸ்லோகம் சொல்றது, எல்லாம் மனப்பாட ஓட்டம். பேச்சுங்கறது வேற. ஆயிரம் வார்த்தைல தனக்கு வேண்டிய ஒண்ணை எடுத்து வைக்கறார் பாரு, அதுதான் பேச்சு. அவர் ஓடறார், எடுக்கலை."

"எடுக்க வச்சா, மேடம்?"

"எப்படி?"

எனக்கு எப்படி என்று தெரியாது. முதல்முறையாக அவர் முன்னால் நான் எதுவும் பேசாமல் நின்றேன். அவரே சொன்னார்: "சரி. தேர்வு வரைக்கும் உனக்குத்தானே அவர். பண்ணிப் பாரு. பலகையை நான் நிறுத்தி வைக்கறேன்."

அன்றைய வகுப்பில் படங்களை எல்லாம் பையில் போட்டு மூடிவிட்டு, "அண்ணாச்சி, வண்டிய எடுப்போமா? தாராவிலருந்து," என்றேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார். மனைவி தலையாட்டினார். அண்ணாச்சி இடது கையால் மேசையைத் தட்டினார், பேருந்தின் பக்கத்தைத் தட்டுவதுபோல் இரண்டு தட்டு. பிறகு ஓட ஆரம்பித்தார். தாராவி, சயன், எவரார்ட் நகர், சுன்னாபட்டி, குர்லா சிக்னல், செம்பூர் நாக்கா, டயமண்ட் கார்டன், மைத்ரி பார்க், தேவ்னார், மான்கூர்த், டிராம்பே. நிற்காமல் டிராம்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

இரண்டு வாரம் நாங்கள் அந்த வண்டியை ஓட்டினோம். முதலில் இருவரும் சேர்ந்து சொன்னோம். பிறகு நான் நடுவில் ஒரு நிறுத்தத்தின் முன்னால் நிற்பேன், அவர் அதை மட்டும் சொல்ல வேண்டும். "டயமண்ட் கார்டன்..." என்று நான் விட்டால் "மைத்ரி பார்க்" என்று அவர் எடுப்பார். ஆனால் பேருந்து நிறுத்தத்தின் படத்தைத் தனியாகக் காட்டி, "இது எது அண்ணாச்சி?" என்றால் மறுபடி "அதான்". ஓட்டத்துக்கு வெளியே சொல் வரவில்லை. மேற்பார்வையாளர் சொன்னது சரியாகவே இருந்தது.

ஒருநாள் அவர் டிராம்பே போய்ச் சேர்ந்ததும், நான் விளையாட்டாக, "வண்டி திரும்பணும்லா?" என்றேன். அவர் சட்டென்று மேசையை இரண்டு தட்டுத் தட்டி, டிராம்பே, மான்கூர்த், தேவ்னார், மைத்ரி பார்க் என்று தலைகீழாக வந்தார். போகும்போது டயமண்ட் கார்டனுக்குப் பிறகு வரும் மைத்ரி பார்க், திரும்பும்போது தேவ்னாருக்குப் பிறகு வருகிறது. அப்படியானால் ஒரே சொல்லுக்கு இரண்டு வாசல். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி நுழைந்தால், ஒருநாள் வாசலே இல்லாமல் நடு அறையில் போய் நிற்கலாம். அதை அன்று மதியமே எழுதி மேற்பார்வையாளரின் மேசையில் வைத்தேன். அவர் படித்துவிட்டு ஒரு மூலையில் ஒரு சிறிய டிக் போட்டார். அந்த டிக்கை நான் செல்போனில் படமெடுத்து வைத்துக்கொண்டேன்.

மூன்று வாரத்தில் அறைக்குள் அவரால் மைத்ரி பார்க்கைத் தனியாகச் சொல்ல முடிந்தது. அது எங்கள் பல்கலைக்கழகத்தின் நிறுத்தம். அதைச் சொல்லி அவரே டிக்கெட் வாங்க வேண்டும் என்று இலக்கு வைத்தேன். அவசரப்பட்டேன். ஒரு காலையில் நானே தாராவியில் அவர்களோடு ஏறி, மனைவியைப் பின்னால் உட்காரவைத்து, அவரை முன் இருக்கையில் விட்டேன். கண்டக்டர் இளைஞர். டிக்கெட் மெஷினைக் கையில் பிடித்தபடி, "கிதர்?" என்றார், எங்கே போகவேண்டும் என்று.

அவர் வாயைத் திறந்தார். வந்தது தாராவி. பிறகு சயன். எவரார்ட் நகர். சுன்னாபட்டி. நிறுத்த முடியவில்லை. அவர் கண்ணில் பயம் தெரிந்தது, வாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"அரே சாச்சா, ஸப் ஸ்டாப் கா டிக்கெட் லோகே க்யா?" என்றார் கண்டக்டர். எல்லா நிறுத்தத்துக்கும் டிக்கெட் எடுக்கப் போகிறாயா என்று. நான்கைந்து பேர் சிரித்தார்கள். நான் பாய்ந்துபோய், "மைத்ரி பார்க், மைத்ரி பார்க்!" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. சிரித்தவர்களை அவர் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார்.

அடுத்த இரண்டு வகுப்புகளுக்கு அவர்கள் வரவில்லை. மனைவி போனில், "வேண்டாம்மா, விட்டுரு. மனுசன் சோறுகூடத் திங்கல," என்றார். அன்று நூலகத்தின் பின்னறையில் தொழுதுவிட்டு வெகுநேரம் அந்தப் பாயிலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு எது வலித்தது என்றால், நான் மறுபடியும் அதையேதான் செய்திருந்தேன். அவருடைய இடைவெளிக்குள் புகுந்து அவருடைய சொல்லை நானே சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை, மேலே தகரம், சுவரில் அவர் காக்கி உடையில் தோல்பையோடு நிற்கும் படம். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அண்ணாச்சி, அன்னிக்கு நான் செஞ்சது தப்பு. நீங்க சொல்ல வேண்டியத நான் சொல்லிட்டேன். இனி சொல்ல மாட்டேன். நீங்க பத்து நிமிசம் எடுத்தாலும் சரி, கண்டக்டர் வண்டிய நிறுத்திப் போட்டு கத்துனாலும் சரி, நான் வாயத் தெறக்க மாட்டேன்."

அவர் மெல்ல என் பக்கம் திரும்பினார். பிறகு இடது கையால் தன் தொடையை, இரண்டு தட்டு.

அதில்தான் எனக்கு அடுத்த வழி கிடைத்தது. வாய் ஓடினால் நிறுத்த முடியவில்லை. விரல் ஓடலாமே? தொடையின்மேல் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு தட்டு, வாய் மூடியே இருக்கவேண்டும், எட்டாவது தட்டில் மட்டும் வாயைத் திறக்க வேண்டும். இரண்டு வாரம் அதையே செய்தோம். வீட்டில் மனைவி கண்டக்டராக நடித்தார். "கிதர்? சல்தி போலோ!" என்று, சீக்கிரம் சொல்லச் சொல்லி, அவர் அதட்டுவதைப் பார்த்தால் அசல் கண்டக்டர் தோற்றுப்போவார். அண்ணாச்சி சிரித்தது அப்போதுதான்.

மறுபடி பேருந்து. நான் படிக்கட்டு அருகே நின்று கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இந்தமுறை வயதான கண்டக்டர். "கிதர்?"

அவர் விரல் தொடையில் ஓட ஆரம்பித்தது. ஒன்று. இரண்டு. கண்டக்டர் மறுபடி, "கிதர் ஜானா ஹை?" என்றார். பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள். நான்கு. என் நாக்கின் நுனியில் அந்தப் பெயர் வந்து நின்றது. பல்லைக் கடித்தேன். ஆறு. ஏழு.

"மைத்ரி பார்க்," என்றார். ஒரு மூச்சு. பிறகு, நாங்கள் பழகவே பழகாத ஒன்று: "தோன்."

மராத்தியில் இரண்டு. அவருக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று. எனக்கு மாணவர் பாஸ் உண்டு என்பது அவருக்குத் தெரியும். மெஷின் இரண்டு சீட்டைக் கிழித்துத் தந்தது. அவர் அதை வாங்கி, சட்டைப்பையில் வைக்காமல், தலைக்குமேல் தூக்கி எனக்குக் காட்டினார். மனைவி பேருந்து என்றும் பார்க்காமல் குலவையிட்டார். அந்த வயதான கண்டக்டர் என்ன ஏது என்று விசாரித்து, தன் ஆள்தான் என்று தெரிந்ததும், டிராம்பேக்குப் போகும் வழியெல்லாம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே போயிருக்கிறார்.

அதற்குப்பிறகு சொற்கள் ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு வந்தன. சயனோடு ஆஸ்பத்திரி. டிராம்பேயோடு மீன். காலையில் "டீ" என்றார். தன் பெயரைப் பாதி சொன்னார். வாப்பாவிடம் இதையெல்லாம் சொன்னபோது மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். மறுநாள் பட்டறைக்கு வந்த தோல் வியாபாரியிடம், "எம்மவ கண்டக்டரு ஒருத்தருக்குப் பேச்சு வரவச்சிருக்கா. உங்க மச்சானுக்கு வாதம் வந்துச்சில்லா? ஒரு எட்டு கூட்டிட்டு வாங்க," என்று அவர் சொல்லிக்கொண்டிருந்ததை நான் மாடிப்படியில் நின்று கேட்டேன்.

தேர்வு நாள். பத்து மணிக்கு என் முறை. ஒன்பதேமுக்காலுக்கு அண்ணாச்சியின் மனைவி போன் செய்தார். குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்கால் வீங்கிவிட்டது, நடக்க முடியவில்லை.

"அண்ணாச்சி எங்கக்கா?"

"அதான்மா தெரியல. எனக்குத் தண்ணி மோந்து வச்சாக. சட்டையப் போட்டாக. பொறவு ஆளக் காணோம்."

நோயாளி இல்லாவிட்டால் தேர்வு இல்லை. அதைவிட, அவர் எங்கே? சாலையைக் கடந்திருப்பாரா? வலதுகால் படியில் ஏறுமா? காத்திருக்கும் அறையில் மற்றவர்களின் நோயாளிகள் எல்லாம் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மேற்பார்வையாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வெளியூர் தேர்வாளர், தலை நரைத்த ஒரு மனிதர், என் கோப்பைப் புரட்டிக்கொண்டே, "உங்கள் நோயாளி?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"வருவார், சார்," என்றேன்.

பத்து ஐந்து. பத்துப் பத்து. பிறகு மேட்டுப் பாதையில், வலதுகாலை வட்டமாக வீசிப் போட்டுக்கொண்டு, வெள்ளைச் சட்டை ஒன்று ஏறிவந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. நான் ஓடிப்போய்க் கையைப் பிடிக்க நினைத்தேன். பிடிக்கவில்லை. அவரே ஏறட்டும் என்று கதவருகிலேயே நின்றேன். வியர்த்துக் கொட்டியபடி வந்து, சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து என் கையில் வைத்தார். ஒரே ஒரு டிக்கெட்.

உள்ளே போகும்போது தேர்வாளரும் இரண்டு மாணவிகளும் வாசலை மறித்து நின்றிருந்தார்கள். அண்ணாச்சி நின்றார். தொண்டையைச் செருமினார்.

"புடே சலா!" என்றார். முன்னால் நகருங்கள் என்று, நெரிசலான பேருந்தில் இருபத்தேழு வருடம் சொன்ன அதே அதட்டல்.

மூவரும் துள்ளி விலகினார்கள். அப்புறம் தேர்வாளர் வயிறு குலுங்கச் சிரித்தார். நான் ஒருவழிக் கண்ணாடிப் பக்கம் திரும்பினேன். அந்தப் பக்கத்தில் இருப்பவர் எனக்குத் தெரியமாட்டார், ஆனால் அவருக்கு நான் தெரிவேன். இதுவும் ஓட்டம்தானா மேடம், வேண்டிய இடத்தில் வேண்டிய சொல்லை எடுத்து வைத்தாரே, என்று முகத்தாலேயே கேட்டேன்.

முக்கால் மணி நேரம். தேர்வாளர் இந்தியில், "எப்படி வந்தீர்கள்?" என்று கேட்டார். விரல் தட்டவில்லை. கொஞ்சம் தேடினார். "பஸ்," என்றார். "அகேலா." தனியாக. "ஏன் தனியாக?" என்றார் தேர்வாளர். இது கடினமான கேள்வி, நாங்கள் பழகாதது. அவர் வாய் திறந்து திறந்து மூடியது. நான் மனதுக்குள் எண்ணினேன். பத்தைத் தாண்டினேன், இருபதைத் தாண்டினேன். தேர்வாளர் என்னைப் பார்த்தார், உதவி செய்யவில்லையா என்பதுபோல. நான் அசையவில்லை.

"வீட்டுக்காரி," என்றார் அண்ணாச்சி, தமிழில். கணுக்காலைத் தொட்டுக் காட்டினார். "விழுந்துட்டா."

பத்து மாதமும் மூன்று மாதமும் கழித்து அவர் வாயிலிருந்து வந்த முதல் தமிழ் வினைச்சொல் அது. நான் அழுதுவிடுவேன் என்று பயந்து, குனிந்து கோப்பில் எழுதினேன்.

முடிந்ததும் மேற்பார்வையாளர் வெளியே வந்தார். கையில் கோடு போட்ட தாள். "பதினாலு," என்றார்.

"என்ன மேடம்?"

"நீ பேசின வாக்கியம். பதினாலு." தாளை நான்காக மடித்து என்னிடம் கொடுத்தார். "அந்தப் படப்பலகை வரியை நானே அடிச்சுடறேன்."

மறுவாரம் பட்டியல் ஒட்டினார்கள். அந்த ஆண்டின் கிளினிக் தேர்வில் முதல் மதிப்பெண் எனக்கு. மறுதேர்வு எழுதியவருக்கு முதலிடம் தரலாமா என்று அலுவலகத்தில் ஒரு விவாதம் நடந்து, தரலாம் என்று முடிவானதாகக் கேள்விப்பட்டேன். இப்போது கல்யாணில் ஒரு மருத்துவமனையில் வேலை செய்கிறேன். புதிதாக வருபவரின் கோப்பில் 'தொழில்' என்ற இடத்துக்கு நான் தனியாக ஒரு முழுப்பக்கம் வைத்திருக்கிறேன். இதைத் தமிழில் எழுதும் அளவுக்கு எழுத்தும் பழகிவிட்டேன், நெடில் குறில் பார்த்து.

ஆனால் அந்தத் தேர்வு நாளில் இன்னும் ஒன்று நடந்தது. எல்லாம் முடிந்து அவரை நிறுத்தம்வரை நடத்திக்கொண்டு போனேன். நண்பகல் வெயில். தாராவி வண்டி தூரத்தில் தெரிந்தது. அக்கா வீட்டில் வீங்கிய காலோடு இருக்கிறார், இவர் களைத்துப்போயிருக்கிறார், எனக்கும் அன்று வேறு வேலையில்லை.

"நானும் வாரேன் அண்ணாச்சி. வீட்ல கொண்டு விட்டுட்டு வந்துருதேன்."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். இடது கையால் என் தலைத்துணிமேல் லேசாகத் தொட்டார். வண்டி வந்து நின்றது. படிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு, தேடாமல், தட்டாமல் சொன்னார்:

"வேண்டாம்."

நான் பின்னால் நகர்ந்து வழிவிட்டேன். அவர் ஏறினார், முதலில் நல்ல கால், பிறகு மற்றது. வண்டி கிளம்பிப் போனதும் மேட்டில் திரும்பி நடந்தேன். எனக்கு அகோரப் பசி. கேன்டீனில் என் வகுப்பு முழுக்க எனக்காகச் சாப்பிடாமல் காத்திருந்தது.